கோல்கீப்பரைக் குறை சொல்லும் முன் அவர் காலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபார்ம் இழந்து தடுமாறும் ஒரு கால்பந்து கோல்கீப்பரை ரசிகர்கள் எந்த அளவுக்கு விமர்சிக்கலாம் என்ற விவாதம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் வாசகர் கடிதங்களில் சூடாக நடந்துவருகிறது. "கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும்" என்கிறார்கள் ஒரு சாரார். "அவரும் மனிதர்தானே, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள் மறு சாரார். இரண்டு தரப்புக் கடிதங்களையும் படித்தேன். அவர் விட்ட கோல் எப்படி விழுந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. பந்து எங்கிருந்து வந்தது, கோல்கீப்பர் எங்கே நின்றார், அவருக்குப் பந்து தெரிந்ததா, எதுவுமே இல்லை. அவரைத் திட்டுகிறவர்களும் சரி, அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் சரி, அவர் தவறு செய்தார் என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் வருத்தம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விமர்சனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோல்கீப்பருக்குக் கறாரான விமர்சனம் வேண்டும். கறார் என்றால் விவரம். விவரம் இல்லாத வசவு அவரையும் திருத்தாது, அணியையும் காப்பாற்றாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோலுக்கு முன்னால் இருக்கும் பெரிய கட்டமான பெனால்டி ஏரியாவின் விளிம்பு கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அங்கிருந்து அடிக்கப்படும் பந்து கோட்டை எட்ட 0.6 விநாடி எடுக்கும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி போய்விடும். மீதி 0.4 விநாடிக்குள் காலை ஊன்றி, உந்தி, பறந்து, கையை நீட்ட வேண்டும். இதே பந்து 6 மீட்டர் தூரத்தில் ஒரு டிஃபெண்டரின் (தற்காப்பு வீரரின்) காலில் பட்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் திசை மாறினால் கையில் இருப்பது 0.27 விநாடி. அதாவது திசை மாறியதை உணர்ந்து முடிக்கும்போது பந்து கிட்டத்தட்ட வலைக்குள் இருக்கும். அப்படிப்பட்ட கோலுக்கு "சிலை மாதிரி நின்றான்" என்று எழுதுவது அநியாயம். அசைவதற்கு நேரமே இல்லாத இடத்தில் நிற்பதைத் தவிர அவர் என்ன செய்ய முடியும்?

பந்து மறைந்திருக்கும் ஷாட்டும் இதே ரகம். 18 மீட்டரிலிருந்து அடித்த பந்தை முதல் 8 மீட்டர் வரை டிஃபெண்டர்களின் கால்கள் மறைத்துவிட்டால், கோல்கீப்பரைப் பொறுத்தவரை அது 10 மீட்டரிலிருந்து அடித்த பந்து. தொலைக்காட்சி கேமரா உயரத்தில், பக்கவாட்டில் இருக்கிறது. நமக்குப் பந்து முழுக்கத் தெரிகிறது. கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியைப் பார்த்தால்தான் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பது புரியும். அந்தக் காட்சி வரும்வரை தீர்ப்பைத் தள்ளிவைப்பது நல்லது.

அப்படியென்றால் எதைக் குறை சொல்லலாம்? நிறைய இருக்கிறது. பந்து வலையில் விழும் இடத்திலிருந்து காட்சியைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள். அடிப்பவரின் கால் பந்தில் படும் கணத்தில் கோல்கீப்பரின் இரண்டு கால்களும் தரையில் இருக்க வேண்டும். தோள் அகலத்துக்கு விரிந்து, எடை முன்பாதத்தில், முட்டி லேசாக மடங்கி, கைகள் இடுப்புக்கு முன்னால். பயிற்சியில் இதை 'செட்' என்போம். அதற்கு முன் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, சரியாக அந்தக் கணத்தில் தரையிறங்குவார்கள். தடுமாறும் கோல்கீப்பரிடம் முதலில் பிசகுவது இதுதான். ஷாட் அடிக்கப்படும்போது அவர் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பார். எடை ஒரே காலில் இருக்கும். அந்தக் கால் இருக்கும் பக்கம் பந்து வந்தால் உந்தித் தாவ வழியில்லை. பார்க்கிறவர்களுக்கு அது "தாமதமாக டைவ் அடித்தார்" என்று தெரியும். டைவில் பிழையில்லை, அதற்கு அரை விநாடி முன்பு காலில் இருந்தது பிழை. கால்களுக்கு நடுவே பந்து போவதும் பெரும்பாலும் இதனால்தான். நகரும்போது கால்கள் அகன்றிருக்கும், சேர்ப்பதற்கு நேரமிருக்காது.

அடுத்தது நிற்கும் இடம். 16.5 மீட்டரிலிருந்து, நேர் எதிரே இருந்து ஷாட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேலேயே நின்றால் இரண்டு பக்கமும் 3.66 மீட்டர் காக்க வேண்டும். 3 மீட்டர் முன்னால் வந்து நின்றால் ஏறத்தாழ 3 மீட்டர் காத்தால் போதும். ஒவ்வொரு பக்கமும் 66 சென்டிமீட்டர் மிச்சம். ஒரு முழங்கையையும் விரல்களையும் சேர்த்தால் வரும் நீளத்தைவிட அது அதிகம். ஆனால் முன்னால் வந்தால் தலைக்கு மேல் தூக்கிப்போட இடம் கிடைத்துவிடும், எதிர்வினைக்கான நேரமும் குறையும். ஆகவே எத்தனை அடி முன்னால் என்பது அடிப்பவரின் தலை நிமிர்ந்திருக்கிறதா, பந்து அவர் காலடியில் இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. "கோட்டை விட்டு வரவே மாட்டேன் என்கிறார்" என்று ஒரு ரசிகர் எழுதினால் அது விமர்சனம். கோல்கீப்பிங் பயிற்சியாளரும் அதையேதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தட்டிவிடும் திசை இன்னொன்று. பிடிக்க முடியாத பந்தைக் கம்பத்துக்கு வெளியே, பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் தள்ள வேண்டும். கோலுக்கு நேர் முன்னால் ஆறேழு மீட்டரில் விழவிட்டால் இரண்டாவது ஷாட்டுக்கு அவரே பாஸ் கொடுத்த மாதிரி. மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும், உள்ளங்கை பந்துக்கு நேராக இருந்து பக்கவாட்டில் சாயாமல் போனாலும் பந்து நேரே திரும்பி வரும். 2002 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனி கோல்கீப்பர் ஆலிவர் கான், பிரேசிலின் ரிவால்டோ அடித்த ஷாட்டை நெஞ்சில் அணைக்க முயன்றபோது பந்து நழுவி முன்னால் விழுந்தது. ரொனால்டோ ஓடிவந்து கோலாக்கினார். அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது கானுக்குத்தான் கிடைத்தது. அந்தத் தரத்தில் இருப்பவருக்கே நடந்த பிசகு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிசகு பிசகுதான். அதைப் பிசகு என்று சொல்வதில் ஒரு தவறும் இல்லை.

காலால் விளையாடுவதைப் பற்றிச் சுருக்கமாக. 1992-ல் பேக் பாஸை, அதாவது சொந்த அணி வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தை, கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வந்தது. 2019-லிருந்து கோல் கிக் பெனால்டி ஏரியாவை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயமும் இல்லை. டிஃபெண்டர்கள் உள்ளேயே நின்று வாங்கலாம். பந்து முன்னைவிட அதிக முறை கோல்கீப்பரின் காலுக்கு வருகிறது. அதற்கேற்பப் பிழையும் கூடுகிறது. கோல் ஓரத்தில் பந்தைப் பறிகொடுத்ததும் "தூக்கி அடித்து விரட்ட வேண்டியதுதானே" என்று கத்துகிறோம். அவர் குட்டைப் பாஸ் கொடுப்பது பெரும்பாலும் பயிற்சியாளரின் உத்தரவு. அந்த நேரத்தில் அவருக்குப் பாஸ் கொடுக்க எத்தனை பேர் திறந்த இடத்தில் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் குற்றம் அணி அமைப்பில். இரண்டு பேர் இருந்தும் மூடிய பக்கம் திரும்பிப் பந்தை இழந்திருந்தால் குற்றம் அவருடையது. 2025-26 பருவத்திலிருந்து பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுத்துவிடுவார்கள். கடைசி 5 விநாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். அவசரம் இன்னும் கூடியிருக்கிறது.

இனி 'ஃபார்ம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில்தான் ரசிகர்களும் பத்திரிகைகளும் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு கோல்கீப்பருக்கு ஆட்டத்துக்கு 4 ஷாட் கோலை நோக்கி வருவதாக வைத்துக்கொள்வோம். 10 ஆட்டத்தில் 40. பத்தில் ஏழைத் தடுப்பவர் என்றால் 28 தடுக்க வேண்டும், 12 விட வேண்டும். ஆனால் வெறும் தற்செயலாகவே இந்த எண்ணிக்கை மூன்று மேலும் கீழும் ஆடும். அதாவது திறமை ஒரு துளிகூட மாறாத ஒரே கோல்கீப்பர் ஒரு பத்து ஆட்டத்தில் 9 கோலும் அடுத்த பத்து ஆட்டத்தில் 15 கோலும் வாங்கலாம். முதல் பத்தில் அவர் சுவர். அடுத்த பத்தில் ஓட்டை வலை. நாம் கதை கட்டுவது இந்த ஆறு கோல் வித்தியாசத்தின் மேல்தான். அதனால்தான் ஆய்வாளர்கள் வாங்கிய கோலை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, கோலின் எந்த மூலைக்கு அடிக்கப்பட்டது என்று பார்த்து, அதே ஷாட்டுகளில் சராசரி கோல்கீப்பர் எத்தனை வாங்கியிருப்பார் என்று கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். சராசரிக்காரர் 14 வாங்கியிருக்கும் இடத்தில் நம்மவர் 15 வாங்கியிருந்தால் அவர் மோசமில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் தற்காப்பு மோசம். சராசரிக்காரர் 9 வாங்கும் இடத்தில் நம்மவர் 15 வாங்கியிருந்தால், அவரை உட்கார வைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. அப்போதுகூடப் பத்து ஆட்டம் மிகக் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

கூச்சல் என்ன செய்கிறது என்பதைப் பலர் "மனசு கஷ்டப்படும்" என்ற அளவில் நிறுத்திவிடுகிறார்கள். அது ஆட்டத்துக்குள் இறங்கி வேலை செய்யும். தான் பந்தைத் தொடும்போதெல்லாம் சொந்த ரசிகர்களின் கேலிக் கூச்சலைக் கேட்கும் கோல்கீப்பரைக் கவனியுங்கள். தன் அணி முன்னேறி விளையாடும்போது பெனால்டி ஏரியாவின் விளிம்பில் நிற்க வேண்டியவர் நாலைந்து அடி பின்னால் போய் நிற்பார். தலைக்கு மேல் பந்து போய்விடுமோ என்ற பயம். அதனால் தற்காப்புக்குப் பின்னால் வரும் நீளப் பாஸை அவரால் ஓடிவந்து விரட்ட முடியாது. எதிரணி ஸ்ட்ரைக்கர் தனியாக உள்ளே வந்துவிடுவார். இதைப் பார்க்கும் டிஃபெண்டர்கள் தாங்களே பின்வாங்கி நிற்பார்கள். அவர்களுக்கும் நடுக்கள வீரர்களுக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியிலிருந்து எதிரணி நிதானமாக ஷாட் அடிக்கும். ஷாட் கூடினால் கோலும் கூடும். ஒருவரின் பயம் பதினோரு பேரின் ஆட்டத்தையும் இப்படிப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னுக்கு இழுத்துவிடும்.

கிராஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப்போடும் பந்து, வரும்போது இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். போவதா நிற்பதா என்ற முடிவைப் பந்து உதைக்கப்பட்ட கணத்திலேயே எடுத்துவிட வேண்டும். போனால் முழுதாகப் போக வேண்டும்: உரக்க "கீப்பர்" என்று குரல் கொடுத்து, ஒரு முட்டியை உயர்த்தி, கை எட்டும் உச்சத்தில் பந்தை எடுக்க வேண்டும். தன்னம்பிக்கை போனவர் அரை அடி முன்னால் வைத்துவிட்டு அதே அரை அடி பின்னால் வருவார். தலையால் முட்டப்படும் நேரத்தில் எடை குதிகாலில் இருக்கும். எந்தப் பக்கமும் தாவ முடியாது. பிடிக்க வேண்டிய பந்தைக் குத்துவார். குத்தும் பந்து பத்துப் பன்னிரண்டு மீட்டரில் விழும், எதிரணி மறுபடி அடிக்கும்.

எப்படிக் கோல் வாங்கினால் குறைவாக வலிக்கும் என்ற எண்ணம் கோல்கீப்பரின் முடிவையே வளைக்கும் என்பதற்கு ஒரு ஆய்வு உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் உயர்மட்ட ஆட்டங்களின் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 29 சதவீத உதைகள் கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவிலேயே நின்றது சுமார் 6 சதவீதம்தான். நடுவில் நின்று கோல் வாங்கினால் "முயற்சியே செய்யவில்லை" என்பார்கள். தவறான பக்கம் பாய்ந்து கோல் வாங்கினால் "பாவம், முயன்றார்" என்பார்கள். பாய்வதே வழக்கமாகிவிட்டதால், நின்று கோல் வாங்குவது கூடுதலாக வலிக்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். 11 மீட்டரிலிருந்து வரும் பெனால்டிக்குக் கிடைக்கும் நேரம் 0.4 விநாடி. உதைக்கும் கணத்தில் ஒரு காலின் பகுதியாவது கோட்டில், கோட்டுக்கு நேரே அல்லது அதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இவ்வளவு கட்டிப்போடப்பட்டவரை ரசிகர்களின் கேலியும் சேர்ந்து ஒரு பக்கம் தள்ளுகிறது.

தலையில் அடி என்பது இந்த விவாதத்தில் யாருமே தொடாத விஷயம். நல்ல நிலையில் இருந்த கோல்கீப்பர் ஒரே ஆட்டத்தில் திடீரென்று குழந்தைத்தனமான பிழை செய்தால், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் அவர் யார் மீதாவது மோதினாரா என்று முதலில் பார்க்க வேண்டும். 2018 மே 26 அன்று கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூல் 3-1 என்று ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் காரியஸ் கையால் உருட்டிய பந்து ரியல் மாட்ரிட்டின் பென்சிமாவின் காலில் பட்டு வலைக்குள் போனது 51-வது நிமிடம். அதே அணியின் பேல் தொலைவிலிருந்து அடித்தது காரியஸின் கையைத் தாண்டி விழுந்தது 83-வது நிமிடம். அன்றிரவே அவருக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. பென்சிமாவின் கோலுக்குச் சற்று முன்புதான் ரியல் மாட்ரிட்டின் செர்ஹியோ ராமோஸின் முழங்கை அவர் தலையில் பட்டிருந்தது. சில நாள் கழித்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவர்கள், ஆட்டத்தின்போது அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது, கண் பார்த்து இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தது, அது ஆட்டத்தையும் பாதித்திருக்க வாய்ப்புண்டு என்று அறிவித்தார்கள். அதைப் பலர் சாக்குப்போக்கு என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

காயம்பட்ட மற்ற வீரர்கள் பொதுவாகச் சிகிச்சைக்காகக் களத்தை விட்டு வெளியே போக வேண்டும். கோல்கீப்பருக்கு விதிவிலக்கு, உள்ளேயே வைத்துப் பார்க்கலாம். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் 22 பேரும் நடுவரும் கூட்டமும் காத்திருக்க, இரண்டு நிமிடத்தில் மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூளை அதிர்ச்சிக்கென்று தனியாக மாற்று வீரரை இறக்கும் முறை 2021-ல் சோதனையாகத் தொடங்கி, 2024-25 பருவத்திலிருந்து விதிப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அது நிரந்தர மாற்று. போனவர் திரும்ப வர முடியாது. கொஞ்ச நேரத்துக்கு வேறொருவரை இறக்கிவிட்டு, அமைதியான அறையில் நிதானமாகப் பரிசோதிக்கும் தற்காலிக மாற்றைத்தான் வீரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ கேட்டுவருகிறது. விவாதிக்கும் ரசிகர்கள் குரல் கொடுக்க வேண்டிய இடம் இது. செல்சி அணியின் கோல்கீப்பர் பீட்டர் செக் 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் அணியுடனான ஆட்டம் தொடங்கிய உடனேயே எதிரணி வீரரின் முட்டி பட்டு மண்டையோடு உடைந்தவர். 2007 ஜனவரியில் தலைக்கவசத்தோடு திரும்பினார், ஓய்வு பெறும்வரை அதோடுதான் ஆடினார். பந்தை நோக்கித் தலையை நீட்டுவது இவர்களின் அன்றாட வேலை.

பழி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு உதாரணம் பிரேசில் கோல்கீப்பர் மோவாசிர் பார்போசா. 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம், உலகக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டம். பிரேசிலுக்கு டிரா போதும். 66-வது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜா வலது பக்கம் ஓடிவந்து நடுவே கொடுத்தார், ஸ்கியாஃபினோ அடித்தார், 1-1. 79-வது நிமிடத்தில் அதே கிஜ்ஜா, அதே பக்கம், அதே ஓட்டம். இந்த முறையும் நடுவேதான் கொடுப்பார் என்று பார்போசா ஒரு அடி விலகினார். கிஜ்ஜா அருகிலிருந்த கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே அடித்துவிட்டார். 2-1. பதின்மூன்று நிமிடம் முன்பு நடந்ததைக் கண்ணால் பார்த்த எந்தக் கோல்கீப்பருக்கும் அந்த ஒரு அடி நகரத் தோன்றியிருக்கும். 2000-ல் இறக்கும்வரை அந்தப் பழி அவரை விடவில்லை. தன் நாட்டில் அதிகபட்சத் தண்டனையே 30 ஆண்டுதான், தான் 50 ஆண்டு அனுபவித்துவிட்டேன் என்று அவர் சொன்னது உலகம் அறிந்தது.

ஜெர்மனி கோல்கீப்பர் ராபர்ட் என்கேயைப் பற்றிக் கவனமாகவே எழுத வேண்டும். 2002-ல் பார்சிலோனாவுக்காக ஆடிய முதல் முக்கிய ஆட்டத்தில், மூன்றாம் நிலை அணியான நோவெல்டாவிடம் 3-2 என்று தோற்றபோது, சக வீரரே வெளிப்படையாக அவரைக் குறை சொன்னார். 2003-ல் துருக்கியின் ஃபெனர்பாசேவுக்குப் போய் ஆடிய ஒரே ஆட்டத்தில் 3-0 தோல்வி. சொந்த ரசிகர்கள் அவர் மீது பாட்டில்களை வீசினார்கள். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு திரும்பினார். பின்னர் ஹனோவர் அணியில் எழுந்து வந்து ஜெர்மனி தேசிய அணி வரை போனார். 2009 நவம்பர் 10 அன்று, 32 வயதில், தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு மன அழுத்த நோய் இருந்தது; பல ஆண்டுகள் சிகிச்சை எடுத்தார்; தெரிந்தால் ஆட்டமும் போய்விடும், தத்தெடுத்த குழந்தையும் போய்விடும் என்று அஞ்சி அதை வெளியே சொல்லவில்லை. பாட்டில் வீசியவர்கள்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது, சிகிச்சை உண்டு. ஆனால் கூட்டத்தில் கத்துகிற நமக்கு எதிரே நிற்பவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பது தெரியாது. ஜெர்மனியில் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, வீரர்கள் வெளிப்படையாக உதவி கேட்க வழி செய்திருக்கிறார்கள்.

"சம்பளம் வாங்குகிறாரே" என்ற வாதத்துக்கு என் பதில்: ஆமாம், ஆட்டத்தைப் பற்றிய எந்தச் சொல்லையும் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். "கிராஸுக்கு வர மாட்டேன் என்கிறார், அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது கோல்கீப்பரை இறக்குங்கள்" என்று பத்தாயிரம் பேர் எழுதட்டும். ஆட்டம் முடிந்த பிறகு அணி முழுவதையும் நோக்கி அதிருப்தியைக் காட்டட்டும். ஆட்டம் நடக்கும்போது சொந்த கோல்கீப்பருக்கு எதிராகக் கூச்சல் போடுவது, மேலே சொன்ன காரணத்தால், எதிரணிக்குச் செய்யும் உதவி. மனைவி, குழந்தை, தாய், தோலின் நிறம், சாவு இவற்றைத் தொடும் சொல் எந்தச் சம்பளத்திலும் சேர்ந்ததில்லை. 2021 யூரோ இறுதியில் பெனால்டி தவறவிட்ட மூன்று இங்கிலாந்து வீரர்கள் மீது கொட்டிய இனவெறியை எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு ஏப்ரல் 30 முதல் மே 3 வரை இங்கிலாந்துக் கிளப்புகள் சமூக ஊடகங்களையே புறக்கணித்துப் பார்த்தும் பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை.

"விட்டுவிடுங்கள்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தடுமாறுபவரை ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்கிக்கொண்டே இருப்பது கருணை ஆகாது. உட்கார வைப்பதும் பராமரிப்புதான், முறையாகச் செய்தால். பத்திரிகையாளர் கூட்டத்துக்கு முன்பே பயிற்சியாளர் நேரில் சொல்ல வேண்டும். காரணம் ஒன்று சொல்ல வேண்டும்: "செட் ஆகாமல் நகர்கிறாய்" என்பது காரணம், "உனக்குக் கொஞ்சம் ஓய்வு" என்பது காரணமில்லை. எத்தனை வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்ற தேதி வேண்டும். திரும்பி வருவது ஒரு கோப்பை ஆட்டத்திலோ, அழுத்தம் குறைந்த ஆட்டத்திலோ இருக்கலாம்.

நடுவே செய்யும் பயிற்சியில்தான் பெரிய தவறு நடக்கிறது. தடுமாறும் கோல்கீப்பர் குற்றவுணர்ச்சியில் தானே கூடுதலாக இருநூறு ஷாட் கேட்பார். களைப்பில் எடுக்கும் டைவில் தோளும் இடுப்பும் விரலும்தான் கெடும். கெட்ட பழக்கமே படியும். ஐம்பது அறுபது ஷாட் போதும். முதல் பதினைந்து, நெஞ்சுக்கு நேராக வரும் எளிய பந்துகள், கையில் பந்து ஒட்டும் உணர்வு திரும்பி வருவதற்காக. பிறகு வெறும் கால் வேலை: மூன்றடி நகர்ந்து, அடிப்பவர் காலை ஓங்கியதும் நின்று செட் ஆவது, பந்து வராமலேயே பத்து முறை. அதன் பிறகுதான் டைவ். கிராஸை முதலில் ஆள் இல்லாமல், பிறகு ஒரு எதிராளியோடு, கடைசியில் நெரிசலில். வீடியோவை ஆட்டம் முடிந்த இரவே போடக் கூடாது. இரண்டு நாள் கழித்து, அவர் சரியாகச் செய்த நாலைந்து காட்சிகளுக்குப் பிறகு பிழையை ஒரு முறை இயல்பான வேகத்தில், ஒரு முறை மெதுவாக. அதற்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு நாளும் அவருடைய சமூக ஊடகக் கணக்கு கிளப்பின் ஊடகப் பிரிவு கையில் இருப்பது நல்லது. மிரட்டல் வந்தால் அதை ஆவணப்படுத்திக் காவல்துறைக்குக் கொடுப்பதும் அவர்கள் வேலை. மனநல நிபுணரைத் தேடி அவர் போக வேண்டும் என்று வைக்காமல், எல்லா வீரர்களுக்கும் வழக்கமான சந்திப்பாக வைத்துவிட்டால் "அவன் போகிறான்" என்ற பேச்சே எழாது.

கடைசியாகத் தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். கோல்கீப்பர் பிழை செய்தார் என்று தலைப்புப் போடும் நாளில், அந்தச் செய்தியிலேயே மூன்று விவரம் சேருங்கள்: கோலை நோக்கி வந்த ஷாட் எத்தனை, அந்த கோல் எத்தனை மீட்டரிலிருந்து அடிக்கப்பட்டது, நடுவில் யார் மீதாவது பந்து பட்டதா. மூன்று வரிகூட ஆகாது. பந்து வலைக்குள் இருக்க, கோல்கீப்பர் தரையில் கிடக்கும் ஒற்றைப் படத்துக்குப் பதிலாக, அடிப்பவரின் கால் பந்தில் படும் கணத்தின் படத்தைப் போடுங்கள். அதில் கோல்கீப்பர் எங்கே நிற்கிறார், கால் தரையில் இருக்கிறதா என்பது தெரியும். அடுத்த வாரம் வரும் வாசகர் கடிதங்கள் அந்தக் கால்களைப் பற்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோல்கீப்பிங் பயிற்சியாளரான ஒரு வாசகர்